விளிம்புக் கட்டை காயும்வரை

கனோப் படகின் விளிம்புக் கட்டை காய்ந்த அன்றைக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்று வீட்டுக்கார அக்கா சொன்னபோது, நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லவில்லை. கீழே கொட்டகையில் உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்த தன் புருஷனிடம், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம், சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் யார் யாரிடம் எதைச் சொன்னாலும் என் காதிலும் விழும். மாடியில் குடியிருப்பவளுக்கு அது தண்ணீர்க் குழாய் மாதிரி, வீட்டோடு சேர்ந்து வருவது.

"எத்தனை நாளைக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"போனப்புறம் பார்த்துக்கலாம்."

அண்ணன் உப்புத்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு சரி என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு நூல் ஊசிக் காதில் நுழையவே இல்லை.

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை ஏதோ கோபத்தில் மீன்காரரிடம் இனி உன்னிடம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தப்பு அவர்மேல் இல்லை என்று மறுநாளே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூன்று வருஷமாக இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் மீன் வாங்குகிறாள். வழியில் அந்த மீன்காரரைப் பார்த்தால் நின்று சிரிப்பாள், அவர் பெண்டாட்டியின் முட்டிவலியை விசாரிப்பாள், வேறு கடை மீனைப் பையில் வைத்துக்கொண்டே. அப்படிப்பட்டவள் கிளம்புகிறேன் என்றால் கிளம்பிவிடுவாள்.

எங்கள் தெரு ஏரியில் போய் முடியும். அங்கே ஒரு படகுப் பட்டறை. நான் அங்கே மெத்தை உறையும் தார்ப்பாயும் தைக்கிறேன், அதனால் எல்லோருக்கும் நான் தையலு, அக்கா பட்டறை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறாள், அண்ணன் மரத்துக்கு மெருகு போடுகிறார். அவரைப் பட்டறையில் மூக்கண்ணன் என்பார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சாதாரண மூக்குதான். ஆனால் அது செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. கண்ணைக் கட்டிவிட்டு மரத்தூளை நீட்டினால் என்ன மரம் என்று சொல்வார். எண்ணெய் பூசிய மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் விரலால் தொடுவார்கள். அண்ணன் தொடமாட்டார். விரல் பட்டால் தடம் விழும், தடம் விழுந்தால் அது மெருகே இல்லை என்பார். காலையில் வந்து குனிந்து, மரத்துக்கு ஒரு சாண் மேலே மூக்கை வைத்து, கண்ணை மூடி இழுப்பார். எண்ணெய் வாசம் சுத்தமாகப் போயிருந்தால்தான் அடுத்த பூச்சு. முப்பது வருஷமாக இதுதான் அவர் அளவுகோல்.

அவர்கள் கல்யாணமே அந்த மூக்கால் நடந்ததுதான். அந்தக் கனோ அக்காவுடையது. பதினாறடி நீளம், இரண்டு முனையும் ஒரே மாதிரி கூர்ந்து, பச்சை உடம்பும் சுற்றிலும் மரக்கட்டை விளிம்புமாக இருக்கும். இருபது வயதில் அக்கா அதைத் தனியாகத் துடுப்புப் போட்டு அக்கரையிலிருந்து இந்தப் பட்டறைக்குப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தாளாம். அண்ணன் விளிம்பை ஒரு முறை முகர்ந்துவிட்டு, போன வருஷம் இதற்கு யாரோ மீன் எண்ணெய் தடவியிருக்கிறார்கள் என்றாராம். தடவியது அக்காதான். இந்த ஆளிடம் பொய் சொல்லிக் குடித்தனம் நடத்த முடியாது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று, அதனால்தான் தைரியமாகக் கட்டிக்கொண்டேன் என்று என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறாள்.

ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் அண்ணன் அந்த விளிம்புக் கட்டையைச் சுரண்டி, தேய்த்து, புதிதாக எண்ணெய் பூசிக் கொடுப்பார். காய்ந்ததும் இரண்டு பேரும் ஏரியில் ஒரு சுற்றுப் போய்வருவார்கள். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. முன்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மெருகு போடுவதே தன் பிடி வழுக்காமல் இருக்கத்தான் என்று அக்கா கேலி செய்வாள்.

இந்த வருஷம் கேலி இல்லை. ஐந்து மாதமாகவே இல்லை.

கொட்டகைப் பேச்சுக்கு மறுநாள், பட்டாணி உரித்துக்கொண்டே அக்கா என்னிடம் கொட்டித் தீர்த்தாள். முன்பெல்லாம் காலையில் அடுப்பில் எதை வைத்தாலும் கரண்டியை அண்ணன் மூக்குக்கு நீட்டுவாளாம். வெங்காயத்தை ஒரு நிமிஷம் முன்னால் எடுத்திருக்கணும், இஞ்சி பழசு, இதில் எதையோ மறந்துட்டே என்று ஏதாவது ஒரு குறை வரும். எரிச்சலாக இருக்கும். ஆனால் சொன்னது சரியாகவும் இருக்கும்.

"இப்ப எதை நீட்டினாலும் நல்லா இருக்குங்கறார்," என்றாள். "விருந்துக்கு வந்தவர் மாதிரி. போன மாசம் வேணும்னே சூப்பை லேசா அடிப்பிடிக்க விட்டேன் தையலு. வீடு முழுக்கக் கருகல் வாசம். நீகூட மாடியிலேருந்து என்னக்கா தீயுதுன்னு கேட்டே."

"ஆமா, கேட்டேன்."

"முழுசா குடிச்சார். குடிச்சிட்டு நல்லா இருக்குன்னார். மூஞ்சி சுளிக்கலை. ஒரு மனுஷனுக்கு இன்னொருத்தர்மேல ஆசை விட்டுப்போனாத்தான் இப்படி நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்ல வரும்."

வயசானால் ஆம்பளைகள் சாதுவாகிவிடுவார்கள் அக்கா என்று ஏதோ உளறினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பட்டாணி தானாகவே உரிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மழை அந்த வருஷம் போக மனசில்லாமல் போனது. காலையில் ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாக இருக்கும். பட்டறைச் சங்கு எங்கிருந்து ஊதுகிறது என்று தெரியாது. பத்து மணிக்குமேல் வெளிச்சம் மெதுவாக இறங்கி, எங்கள் கொட்டகைக் கதவு வழியாக உள்ளே வந்து கனோவின்மேல் படுத்துக்கொள்ளும். அண்ணன் அதை இரண்டு முக்காலிமேல் ஏற்றி வைத்திருந்தார். மழையில் நனைந்து சாம்பல் நிறமாகிப்போன விளிம்பைச் சுரண்டியால் நீளவாக்கில் இழுப்பார். சுருள் சுருளாகக் கீழே விழும். பிறகு கரடான உப்புத்தாள், அப்புறம் நைசானது. ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, மரத்தின் நார் எழும்பி நின்றதும் மறுபடி தேய்ப்பு. சர், சர் என்று ஒரே சீராக அந்தச் சத்தம் மேலே வரும். நான் அதற்கேற்ப மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டேன். மரத்தூள் வெளிச்சத்தில் கீழே இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கும். நடுவில் அண்ணன் கையை நிறுத்தி அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர் மாதிரி இருக்கும் அவர் முகம். கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவார்.

நாலாம் நாள் மரம் உள்நிறம் காட்டியது. புது ரொட்டியின் வெட்டுப்பக்கம் போல ஒரு வெளிர் மஞ்சள். ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து பழைய துணியில் தோய்த்துத் தேய்த்தார். எண்ணெய் பட்ட இடமெல்லாம் மரம் விழித்துக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். போய்ப் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

அந்த ஈரத்துக்கு ஒரு பூச்சு காய மூன்று நாளாவது ஆகும். இது எனக்கே தெரியும். அண்ணன் மறுநாள் காலையிலேயே வந்தார், குனிந்தார், கண்ணை மூடி இழுத்தார், காஞ்சிருச்சு என்றார். இரண்டாவது பூச்சு போட்டார். அதற்கு மறுநாள் மூன்றாவது. எண்ணெய்த் துணிகளை எப்போதும் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார், வாசம் போன பிறகுதான் மடித்து வைப்பார். இந்தத் தடவை கொடியே கட்டவில்லை. துணிகளைச் சுருட்டி மூலையில் இருந்த மரப்பெட்டிக்குள் போட்டு மூடினார். அதையும் நான் பார்த்தேன். அவசரம் என்றுதான் நினைத்தேன்.

அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். மூன்றாவது பூச்சுக்கு மறுநாள் தட்டில் ரொட்டியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தவள், சும்மா விளிம்பில் கை வைத்தாள். கையை எடுத்தபோது சத்தம் கேட்டது, பசையிலிருந்து உரிவது போல.

"ஒட்டுது," என்றாள்.

அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து முகர்ந்தார். "இல்லையே. காஞ்சுதானே இருக்கு. நாளைக்குக்கூட நீ கிளம்பலாம்."

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். எண்ணெய் பளபளத்தது. அதை அவர் முகத்துக்கு நேராகக் காட்டியிருக்கலாம். காட்டாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். என் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தைத்து வைத்த உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். கட்டை பச்சையாக ஒட்டுகிறது, வாய் கூசாமல் காய்ந்துவிட்டது என்கிறார், என்னை அனுப்ப அத்தனை அவசரம் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். கல்யாணம் என்றால் இவர்கள் இரண்டு பேரும் என்றுதான் இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்தேன். அண்ணன்மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது.

அன்று மதியம் வெயில் நன்றாகவே அடித்தது. ஏரி பளபளவென்று அசையாமல் கிடந்தது. அக்கா பின்பக்கம் துணி உலர்த்தப் போனாள். நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். லேசாக ஒரு கருகல் வாசம் வந்தது. அக்கா மறுபடி எதையோ அடிப்பிடிக்க விட்டு அண்ணனைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தையல் ஓடி முடியும்வரை அப்படியே இருந்துவிட்டேன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது கொட்டகைக் கதவிலிருந்து புகை சோம்பலாக வெளியே வந்துகொண்டிருந்தது. நான் படியிறங்குவதற்குள் அக்கா ஈரத்துணியோடு ஓடிவந்துவிட்டாள்.

உள்ளே அண்ணன் ஒரு முக்காலியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கனோவின் முனைப்பலகையை நைசான தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டை முனகிக்கொண்டு. அவருக்கு நாலு அடி பின்னால் அந்த மரப்பெட்டியின் இடுக்குகளிலிருந்து புகை கிளம்பிக் கூரை வரை போய் முட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் அது தன் சூட்டிலேயே வெந்து பற்றிக்கொள்ளும். பட்டறையில் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் விஷயம். எனக்குச் சொன்னவரே அண்ணன்தான்.

அக்கா பெட்டியை ஒரே உதையில் வெளியே தள்ளினாள். மூடி திறந்ததும் உள்ளே குபீரென்று சிவந்தது. நான் தண்ணீர் வாளியைக் கவிழ்த்தேன், அவள் இன்னொன்றைக் கவிழ்த்தாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து மூன்று பேரையும் மூடியது. அது விலகியபோது அண்ணன் கையில் தாளோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தார். பயந்துபோன முகம். எதைப் பார்த்துப் பயப்படுவது என்று இப்போதுதான் கண்டுபிடித்த பயம்.

"நாலடி பின்னாடி எரியுது," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "உங்களுக்கு அடிக்கலையா?"

அண்ணன் நனைந்த பெட்டியையே பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். வாசம் அடிக்கலையா?"

"இல்ல," என்றார். பிறகு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு எதுவுமே அடிக்கலை. கோடையில காய்ச்சல் வந்துச்சே, அப்பவே போயிருச்சு."

ஏரியில் யாரோ துடுப்பைப் படகுக்குள் போடும் சத்தம் வந்தது. பட்டறையில் தெரிந்தால் மெருகு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் என்றார். இன்றைக்கு வந்துவிடும் நாளைக்கு வந்துவிடும் என்று ஒவ்வொரு காலையும் மரத்தை முகர்ந்து பார்த்தாராம். ஒன்றும் வரவில்லையென்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், முப்பது வருஷப் பழக்கம், அது வாயில் தானாக வந்துவிடுகிறது என்றார்.

"பட்டறைக்குச் சொல்ல வேண்டாம். எனக்குமா?" என்றாள் அக்கா.

அண்ணன் கையிலிருந்த உப்புத்தாளை மடித்தார், பிரித்தார்.

"உனக்கு எப்படிச் சொல்றது? மரம் போனா போகுது. உன் வாசமும் போயிருச்சு. காலையில முழிப்பு வந்தா நீ பக்கத்துல படுத்திருக்கியா, எந்திரிச்சிட்டியான்னு கண்ணைத் தொறந்தாத்தான் தெரியுது. முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே தெரியும். அதைப் போய் உங்கிட்ட எந்த வாயால சொல்வேன்?"

அக்கா ஈரத்துணியை இன்னும் கையில் பிடித்திருந்தாள். அதிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"அப்ப அந்தச் சூப்பு?" என்றாள்.

"எந்தச் சூப்பு?"

"கருகின சூப்பு. நல்லா இருக்குன்னீங்களே."

"கருகியா இருந்துச்சு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, கடைசியில் எது எதுவென்று தெரியாமல் அவளும் அதே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாக உங்களுக்கு நான் வேண்டாதவளாகப் போய்விட்டேன் என்று நினைத்தேன் என்று சொன்னாள். அண்ணன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். அந்த ஆச்சரியத்தை நடிக்க முடியாது. நான் வாளிகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக் கழுவினேன்.

மறுநாள் இரண்டு பேருமாகப் பட்டறைக்குப் போய் மேஸ்திரியிடம் சொன்னார்கள். மேஸ்திரி ரொம்ப நேரம் காதைச் சொறிந்துவிட்டு, மூக்கு போனால் என்ன, கை இருக்கிறதே, விரலால் தொட்டுப் பார் என்றாராம். அதற்கு மட்டும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. காய்ந்ததா இல்லையா என்று என் வீட்டுக்காரி பார்த்துச் சொல்வாள் என்றாராம்.

ஒட்டிக்கிடந்த பூச்சையெல்லாம் டர்பன்டைனில் துடைத்து எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கொடி கட்டித் துணிகளை ஒவ்வொன்றாக விரித்தார். காலையில் வெள்ளையாகப் பனி நிற்கும்போதே அக்கா கொட்டகைக்கு வருவாள். விளிம்புக்கு ஒரு சாண் மேலே குனிவாள். அண்ணன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு. எண்ணெய்தான்."

"எண்ணெய்னா எப்படி? சரியாச் சொல்லு."

அக்காவுக்கு முதலில் சொல்ல வரவில்லை. பிறகு வந்தது. முதல் நாள், வேர்க்கடலையை வறுத்துச் சாக்கில் கட்டி வைத்த மாதிரி என்றாள். இரண்டாம் நாள், சாக்கை அவிழ்த்துக் கடலையை எடுத்த பிறகு வெறும் சாக்கு என்றாள். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டில் யாரோ அந்தச் சாக்கை உதறுகிற மாதிரி என்றாள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார். அப்புறம் பேச்சு கட்டையை விட்டு வெளியே போகும். ஏரி எப்படி, பனி எப்படி, அடுப்பில் இருப்பது எப்படி என்று அவர் கேட்பார், அவள் சொல்வாள். இஞ்சி பழசா என்று கேட்டார் ஒரு நாள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள். மேலே என் மெஷின் தானாக மெதுவாகிவிடும். அந்த நாட்களை இப்போது நினைத்தால் நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

ஆனால் அக்கா பரணிலிருந்து இறக்கிய பெட்டி வாசற்கதவுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. கட்டி வைத்த பெட்டி. அக்கா அதை உள்ளே எடுத்துவைக்கவும் இல்லை, போகவில்லை என்று சொல்லவும் இல்லை. கட்டை காய்ந்த அன்றைக்குக் கிளம்புவேன் என்று சொல்லியாயிற்று. தங்கைக்கும் சொல்லியனுப்பியாயிற்று. எனக்கு அந்த மீன்காரர் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அண்ணனும் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் காலை அகலமாக வைத்துத் தாண்டினார்.

மூன்று பூச்சும் முடிந்து ஐந்தாம் நாள் காலை. உட்காரும் பலகைக்கு உறை தைக்க அளவெடுக்க நான் கீழே வந்திருந்தேன். அக்கா பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கனோ பக்கத்தில் வைத்தாள். அக்கரை தெரியும்படி பனி விலகியிருந்தது. நான் அளவு நாடாவோடு குனிந்தபோது என் மூக்கு விளிம்புக்கு அருகில்தான் இருந்தது. ஒரு வாசமும் இல்லை. சுத்தமான மரம். சருகாகக் காய்ந்திருந்தது.

அக்கா குனிந்தாள். இழுத்தாள். நிமிராமல் அப்படியே இருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு.

அக்கா நிமிர்ந்து ஏரியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"அடிக்குது," என்றாள். "நல்லாவே அடிக்குது. இன்னும் காயலை."

அண்ணன் கண்ணைத் திறந்தார். நான் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டி, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, மெருகு போட்ட மரத்தின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். நன்றாகவே அழுத்தினார். விரலை எடுத்தார். தடம் எதுவும் விழவில்லை. விரலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "இந்த ஈரத்துல சீக்கிரம் காயாது. கிடக்கட்டும்."

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வருஷம் கனோ ஏரியில் இறங்கவே இல்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கைதான் அக்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். கொட்டகைக்குள் நுழைந்து கனோவை ஒரு சுற்றுச் சுற்றினாள். விளிம்பில் முன்னும் பின்னுமாகக் கையை ஓட்டினாள்.

"நல்லாக் காஞ்சுதானே இருக்கு?" என்றாள்.

இல்லை என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.